நாலு பாக்ஸ், ஒரு ஆம்ப்: பேரலலா, சீரிஸா, பிரிட்ஜா, 100 வோல்ட் லைனா?

ஒரு நடுத்தரக் கல்யாண மண்டபத்தை எடுத்துக்கொள்வோம். 15 இஞ்ச் வூஃபரும் மேலே ஒரு ஹாரனும் வைத்த 8 ஓம் பாக்ஸ் நான்கு இருக்கின்றன. ஒவ்வொன்றின் பின்பக்கமும் 300 வாட் ஆர்எம்எஸ் (தொடர்ந்து தாங்கும் பவர்), 97 டெசிபல் (ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் வரும் சத்தம்) என்று அச்சடித்திருக்கிறது. ஆம்ப் ஒன்றுதான். அதன் கையேட்டில் சேனலுக்கு 8 ஓமில் 400 வாட், 4 ஓமில் 650 வாட், பிரிட்ஜ் போட்டால் (இரண்டு சேனலையும் சேர்த்து ஒரே சேனலாக ஓட்டினால்) 8 ஓமில் 1300 வாட் என்று இருக்கிறது. குறைந்தபட்ச லோடு (மாட்டும் பாக்ஸ்களின் மொத்த ஓம்) சேனலுக்கு 4 ஓம், பிரிட்ஜில் 8 ஓம். ஆம்ப் வைத்திருக்கும் இடத்திலிருந்து பாக்ஸுக்கு ஒயர் 30 மீட்டர் ஓட வேண்டும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: சேனலுக்கு இரண்டு பாக்ஸ், பேரலல் (பிளஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ்), 4 ஓம். மற்ற வழிகள் இந்த இடத்தில் ஏன் தோற்கின்றன, எந்த இடத்தில் ஜெயிக்கும் என்பதுதான் மிச்சக் கதை.

பெட்டியில் எழுதியிருக்கும் வாட்

ஆம்ப் வெளியே தள்ளுவது வாட்டை அல்ல, வோல்டேஜை. அந்த வோல்டேஜுக்கு எவ்வளவு கரன்ட் இழுப்பது என்பதைப் பாக்ஸின் ஓம் முடிவு செய்கிறது. வோல்டேஜை வோல்டேஜாலேயே பெருக்கி ஓமால் வகுத்தால் வாட். 8 ஓமில் 400 வாட் என்றால் 56.6 வோல்ட், 7 ஆம்பியர். அதே 56.6 வோல்ட்டை 4 ஓமில் நிறுத்த முடிந்தால் 800 வாட் வர வேண்டும். கையேடு 650 என்கிறது. சுமை கூடும்போது பவர் சப்ளை சரிந்து வோல்டேஜ் 51-க்கு இறங்கிவிடுகிறது. ஆகவே இது யோக்கியமான கையேடு. '8 ஓமில் 400, 4 ஓமில் 800, 2 ஓமில் 1600' என்று அழகாக இரட்டித்துக்கொண்டே போனால், ஒன்று அந்த ஆம்பின் சப்ளை மிகப் பெரியது, அல்லது எழுதியவர் கால்குலேட்டரை மட்டும்தான் தொட்டிருக்கிறார். பிஎம்பிஓ (ஒரு கணம் மட்டும் வரும் உச்சத்தை வைத்துப் போடும் விளம்பரக் கணக்கு) என்று போட்டிருந்தால் படிக்கவே வேண்டாம்.

பாக்ஸ் பக்கம் மூன்று எண் வரும்: ஆர்எம்எஸ், புரோகிராம், பீக். 300, 600, 1200 என்று இரண்டிரண்டு மடங்காகப் போகும். ஒப்பிடும்போது முதல் எண்ணை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டும் பேச்சும் ஏறி இறங்கும் சிக்னல் என்பதால், ஆம்ப் அந்த முதல் எண்ணின் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு வரை இருக்கலாம் என்பது தொழிலில் பொதுவான கணக்கு. அது லிமிட்டர் (சிக்னல் ஓர் அளவைத் தாண்டாமல் பிடித்து நிறுத்தும் கருவி) போட்டு, மிக்ஸர் முன்னால் பழகிய ஆள் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு. மண்டபத்தில் மைக்கைப் பிடிப்பவர் மாறிக்கொண்டே இருப்பார். இங்கே ஒரு பாக்ஸுக்கு அதன் ஆர்எம்எஸ் அளவே போதும்.

8 ஓம் என்பதும் நிலையான எண் அல்ல. ஐஇசி 60268-5 தரப்படி, பெயரளவு 8 ஓம் பாக்ஸ் எந்த அதிர்வெண்ணிலும் 6.4 ஓமுக்குக் கீழே இறங்கக் கூடாது. மேலே எவ்வளவு வேண்டுமானாலும் போகலாம். வூஃபரின் ஒத்ததிர்வு இடத்தில் 30, 40 ஓம் சாதாரணம். மல்டிமீட்டரில் ஓம் ரேஞ்சில் பார்த்தால் 8 ஓம் பாக்ஸ் 5.5 முதல் 7 வரை காட்டும். 'பாக்ஸ் 6 ஓம்தான் காட்டுது, போலி' என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். மீட்டர் காட்டுவது காயில் கம்பியின் வெறும் டிசி ரெசிஸ்டன்ஸ். 4 ஓம் பாக்ஸ் 3.2 முதல் 3.8 வரை காட்டும்.

பேரலல், சேனலுக்கு இரண்டு

8-ம் 8-ம் பேரலலில் 4 ஓம். சேனல் தரும் 650 வாட்டை இரண்டு பாக்ஸும் சமமாகப் பிரித்துக்கொண்டால் ஆளுக்கு 325. பாக்ஸின் ஆர்எம்எஸ் 300. பொருத்தம் பார்த்து வாங்கியது போல இருக்கிறது. ஒரு பாக்ஸில் காயில் போனாலும் இன்னொன்று பாடிக்கொண்டே இருக்கும். இரண்டு பாக்ஸும் ஒரே மாடலாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. ஓம் ஒன்றாக இருந்தால் போதும்.

இதில் கெடுவது எது? மூன்றாவது பாக்ஸ். பந்தி ஹாலுக்கு ஒன்று வேண்டும் என்று கடைசி பாக்ஸின் லிங்க் ஜாக்கிலிருந்து ஒயர் இழுத்து இன்னொரு 8 ஓம் மாட்டினால் லோடு 2.67 ஓம். ஆம்ப் உடனே சாகாது. முகூர்த்தம் வரை ஓடும், வெயில் ஏறி ஃபேனில் தூசி அடைத்திருந்தால் மதியச் சாப்பாட்டு நேரத்தில் புரொடெக்ட் லைட் எரியும். காரணம் வெப்பம். உள்ளூரில் அசெம்பிள் செய்யும் கிளாஸ் ஏபி ஆம்புகளில் பெரும்பாலும் 5200, 1943 டிரான்சிஸ்டர் ஜோடிகள்தான். பிளஸ் மைனஸ் 60 வோல்ட் சப்ளையில் 8 ஓம் ஓட்டும்போது அந்த ஜோடிகள் எல்லாம் சேர்ந்து அதிகபட்சம் சுமார் 91 வாட்டை வெப்பமாக ஏற்கின்றன. 4 ஓமில் 182. 2 ஓமில் 365. ஹீட்சிங்க் அதே அளவுதான். ஒரு ஜோடி டூப்ளிகேட்டாக இருந்தால் அதுதான் முதலில் ஷார்ட் ஆகும். டிசி புரொடெக்ஷன் ரிலே இல்லாத ஆம்ப் என்றால், ஷார்ட் ஆன டிரான்சிஸ்டர் வழியாக 60 வோல்ட் டிசி நேராக வூஃபருக்குப் போய் காயிலைக் கருக்கிவிடும்.

பேரலலில் இன்னொரு தொல்லை, பிளஸ் மைனஸ் மாறுவது. ஒரு பாக்ஸில் மட்டும் ஒயர் மாறியிருந்தால் சத்தம் வரும், பேஸ் மட்டும் காணாமல் போகும். தவில் தகரம் தட்டுவது போலக் கேட்டால் முதலில் இதைப் பாருங்கள். ஒன்றரை வோல்ட் பேட்டரியின் பிளஸை ஒயரின் பிளஸில் ஒரு கணம் தொட்டால் எல்லா வூஃபரின் கோனும் வெளிப்பக்கமாகத் துள்ள வேண்டும். உள்ளே இழுக்கிற பாக்ஸில்தான் மாற்றம்.

சீரிஸ்

ஒரு பாக்ஸின் மைனஸை அடுத்ததன் பிளஸில் கோர்த்தால் 16 ஓம் லோடு, ஆம்ப் குளிர்ச்சியாக இருக்கும், அவ்வளவுதான் லாபம். 56.6 வோல்ட்டில் 200 வாட், பாக்ஸுக்கு 100. பேரலலை விட 5 டெசிபல் குறைவு. ஒரு காயில் அறுந்தால் இரண்டும் ஊமை. இரண்டு பாக்ஸும் வேறு வேறு மாடல் என்றால் ஒன்றின் ஓம் எங்கே ஏறுகிறதோ அங்கே அது மற்றதன் வோல்டேஜையும் திருடிக்கொள்ளும், இரண்டின் குரலும் மாறிவிடும். 4 ஓம் பாக்ஸ்கள் கையில் இருந்து, ஆம்பின் குறைந்தபட்சம் 8 ஓம் என்றால் மட்டும் சீரிஸுக்கு ஒரு நியாயம் உண்டு.

பிரிட்ஜ் எனும் மாயை

1300 என்ற எண் கண்ணைப் பறிக்கும். நான்கு பாக்ஸை இரண்டிரண்டாக சீரிஸ் செய்து, அந்த இரண்டு ஜோடியைப் பேரலல் செய்தால் மொத்தம் மறுபடியும் 8 ஓம். பிரிட்ஜுக்கு ஏற்ற லோடுதான். 1300-ஐ நான்கால் வகுங்கள்: 325. சாதாரண ஸ்டீரியோ பேரலலில் வந்ததும் அதே 325. ஒரு வாட்கூடக் கூடவில்லை. ஏனெனில் பிரிட்ஜில் 8 ஓம் போட்டால் ஒவ்வொரு சேனலும் பார்ப்பது 4 ஓம்தான். உழைப்பு அதேதான், கூலி அதேதான். கூடுதலாகக் கிடைப்பது சீரிஸின் குறைகளும், ஒரு சேனல் போனால் மண்டபம் முழுவதும் அமைதியாவதும்.

நான்கையும் பேரலலாகப் போட்டு பிரிட்ஜில் மாட்டுவது ஆபத்தின் உச்சம். 2 ஓம் லோடு, சேனலுக்கு 1 ஓம்.

பிரிட்ஜில் நடக்கும் தவறுகள் இரண்டு திரும்பத் திரும்ப வரும். முதலாவது, சிவப்புக்கும் கறுப்புக்கும் நடுவே ஒயர் மாட்டுவது. பிரிட்ஜில் இரண்டு சிவப்புகளுக்கு நடுவேதான் பாக்ஸ். ஸ்பீக்கான் (திருகிப் பூட்டும் ஸ்பீக்கர் கனெக்டர்) என்றால் பெரும்பாலான ஆம்புகளில் 1 பிளஸ், 2 பிளஸ். சிவப்பு-கறுப்பில் மாட்டினால் பாதி வோல்டேஜ், எனவே கால்வாசி பவர். 'பிரிட்ஜ் போட்டும் சத்தமே இல்ல' என்ற புகாரின் மூலம் பெரும்பாலும் இதுதான். இரண்டாவது, போன நிகழ்ச்சியில் பிரிட்ஜில் விட்ட ஸ்விட்சை மறந்து ஸ்டீரியோவாக மாட்டுவது. இரண்டு சேனலிலும் ஒரே சிக்னல், ஆனால் ஒன்று தலைகீழாக. மண்டபத்தின் நடுவில் நின்றால் பாடகர் குரல் மண்டைக்குள் சுற்றுவது போல இருக்கும், பேஸ் கரைந்துபோகும். பாக்ஸைக் கழற்றிப் பார்ப்பதற்கு முன் ஆம்பின் முதுகைப் பாருங்கள்.

பிரிட்ஜ் எங்கே பொருந்தும்? ஒரே ஒரு 8 ஓம் சப்வூஃபர், 600 வாட்டுக்கு மேல் ஆர்எம்எஸ், கையில் சின்ன ஆம்ப் என்றால் பொருந்தும். சின்ன கிளாஸ் டி போர்டுகள் பல உள்ளேயே பிரிட்ஜாகத்தான் இருக்கின்றன. அவற்றின் இரண்டு முனையிலும் வோல்டேஜ் உண்டு. பழைய வழக்கப்படி இரண்டு பாக்ஸின் கறுப்பு ஒயரையும் ஒன்றாக முறுக்கினால் ஐசி போய்விடும்.

இன்னொரு ஆம்ப் வாங்கலாமா

நான்கு சேனல், ஒவ்வொன்றுக்கும் ஒரு 8 ஓம் பாக்ஸ், ஆளுக்கு 400 வாட். 325-ஐ விட எவ்வளவு சத்தம் கூடும்? 0.9 டெசிபல். காதால் பிடிக்கவே சிரமமான வித்தியாசம். பவர் இரட்டித்தால்தான் 3 டெசிபல், பத்து மடங்கானால்தான் 10 டெசிபல். காதுக்கு 'சத்தம் இரண்டு மடங்காச்சு' என்று தோன்ற அந்த 10 வேண்டும். அதே பணத்தில் 97 டெசிபலுக்குப் பதில் 100 டெசிபல் பாக்ஸ் வாங்கினால், ஆம்பை இரட்டித்ததற்குச் சமம். பாக்ஸ் விலைப்பட்டியலில் வாட்டைப் பார்ப்பவர்கள் அதற்கு அடுத்த வரியில் இருக்கும் டெசிபலைப் பார்ப்பதில்லை.

இரண்டாவது ஆம்பை வாங்குவதற்கு உண்மையான காரணம் வேறு: ஒன்று போனால் பாதி மண்டபமாவது பேசும், ஒவ்வொரு ஆம்பும் பாதி வெப்பத்தில் ஓடும். வாடகைக்கு செட் விடுபவருக்கு அது பெரிய காரணம். சொந்த மண்டபத்துக்கு ஒரு பழைய ஆம்பை ஸ்பேராக வைத்திருந்தால் போதும்.

ஒயரில் தொலையும் வாட்

இங்கேதான் பணம் உண்மையில் வேலை செய்யும். செம்பு ஒயர் 1.5 ஸ்கொயர் எம்எம், 30 மீட்டர் என்றால் போக வர 60 மீட்டர், சுமார் 0.69 ஓம். அதனால் 8 ஓம் லோடில் பாக்ஸுக்குப் போய்ச் சேரும் பவர் 15 சதவீதம் குறைந்துவிடும். 4 ஓம் லோடில் 27 சதவீதம். 2.5 ஸ்கொயர் போட்டால் 0.41 ஓம்: 8 ஓமில் 10 சதவீதம், 4 ஓமில் 18. சைக்கிள் கடை, எலக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும் மெல்லிய சிவப்பு-கறுப்பு ஜோடி ஒயர் இதில் கணக்கிலேயே வராது.

ஒரு ஒயரை முதல் பாக்ஸுக்கு இழுத்து, அங்கிருந்து லிங்க் போட்டு இரண்டாவதுக்குப் போவது வழக்கம். அப்படிப் போனால் முதல் 30 மீட்டரும் 4 ஓம் லோடின் கரன்டைச் சுமக்கிறது. அதற்குப் பதில் ஆம்பிலிருந்தே பாக்ஸுக்கு ஒன்றாகத் தனித்தனி 2.5 ஒயர் இழுத்து, பேரலலை ஆம்ப் முனையில் செய்தால் ஒவ்வொரு ஒயரும் பார்ப்பது 8 ஓம். இழப்பு 18-லிருந்து 10-க்கு இறங்கும். ஒரு சுருள் ஒயரின் விலைதான் கூடுதல் செலவு. ஆம்பை மேடைக்குப் பக்கத்திலேயே வைத்து, மிக்ஸரிலிருந்து மெல்லிய பேலன்ஸ்டு கேபிளை நீட்டினால் அந்தச் செலவுகூட வேண்டாம்.

100 வோல்ட் லைன்

பந்தி ஹால், வாசல், கார் நிறுத்தும் இடம் என்று எட்டுப் பத்து இடத்தில் சின்னச் சின்ன ஸ்பீக்கர் வேண்டும், பேச்சும் நாதஸ்வரமும் கேட்டால் போதும் என்றால் மேலே சொன்ன எதுவும் சரிவராது. அதற்கு 100 வோல்ட் லைன்: முழு பவரில் ஆம்ப் 100 வோல்ட்டை ஒரு ஜோடி ஒயரில் அனுப்பும், எல்லா ஸ்பீக்கரும் அதில் பேரலலாகத் தொங்கும். ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் ஒரு சின்ன டிரான்ஸ்பார்மர் இருக்கும், 2.5, 5, 10 வாட் என்று டேப் (எத்தனை வாட் எடுப்பது என்று தேர்வு செய்யும் முனை) இருக்கும். ஓம் கணக்கு வேண்டாம், வாட்டைக் கூட்டினால் போதும். 10 வாட் டேப்பில் 12 ஸ்பீக்கர் என்றால் 120 வாட். மொத்தம் ஆம்பின் 80 சதவீதத்தைத் தாண்டாமல் வைத்தால் நல்லது. 160 வாட் ஆம்ப் சரியாக இருக்கும். இந்த லைனின் ஓம் 83. ஆகவே 0.69 ஓம் ஒயர் ஒரு பொருட்டே அல்ல. நூறு மீட்டர் 1.5 ஸ்கொயர் தாராளமாகப் போகும்.

குறை, பேஸ். சின்ன டிரான்ஸ்பார்மரின் இரும்பு தாழ்ந்த அதிர்வெண்ணில் நிறைந்துபோய், ஆம்புக்கு ஷார்ட் போலத் தெரிய ஆரம்பிக்கும். மிக்ஸரில் லோ கட் 80 ஹெர்ட்ஸில் போட்டுவிடுங்கள். குத்துப்பாட்டுக்கு இந்த லைன் ஆகாது.

கோயில்களிலும் பள்ளிகளிலும் இருக்கும் அஹுஜா வகை ஆம்புகளின் பின்னால் 4, 8, 16 ஓம், 70, 100 வோல்ட் என்று முனைகள் வரிசையாக இருக்கும். வெளியீட்டு டிரான்ஸ்பார்மர் வைத்த இந்த ஆம்ப், மேலே சொன்ன ஆம்பைப் போல அல்ல: எந்த முனையிலும் முழு பவர் தரும், லோடு அந்த முனைக்குப் பொருந்தினால். 250 வாட் ஆம்பில் 4 ஓம் முனையில் 31.6 வோல்ட், 8-ல் 44.7, 16-ல் 63.2. 8 ஓம் பாக்ஸை 4 ஓம் முனையில் மாட்டினால் 125 வாட் கிடைக்கும். பவர் பாதிதான், ஆபத்தில்லை. 4 ஓம் பாக்ஸை 8 ஓம் முனையில் மாட்டினால் ஆம்பிடம் 500 வாட் கேட்கிறது, ஆபத்து. டிரான்ஸ்பார்மர் இல்லாத 8 ஓம் பாக்ஸை 100 வோல்ட் முனையில் மாட்டுபவர் 1250 வாட் கேட்கிறார்; பியூஸ் அல்லது காயில், எது முந்துகிறதோ அது போகும். டிரான்ஸ்பார்மர் வைத்த ஸ்பீக்கரை 4 ஓம் முனையில் மாட்டினால் ஒன்றும் கெடாது, பவர் பத்தில் ஒரு பங்காகி சத்தம் குறைவாகக் கேட்கும்.

ஹாரன் யூனிட்டுகள் பெரும்பாலும் 16 ஓம். இரண்டைப் பேரலல் செய்தால் 8, நான்கு என்றால் 4. அவற்றுக்குள் பேஸ் சிக்னலை அனுப்பினால் டயப்ரம் கிழியும். யூனிட்டில் எழுதியிருக்கும் குறைந்த அதிர்வெண்ணுக்குக் கீழே கட்டாயம் கட் செய்ய வேண்டும்.

சின்ன ஆம்ப் டுவீட்டரைக் கொல்லுமா

'ஆம்ப் சின்னதா இருந்தா கிளிப் ஆகும்போது டிசி வந்து டுவீட்டர் போயிடும்' என்று சொல்வார்கள். கிளிப் என்பது, ஆம்ப் அதற்கு மேல் வோல்டேஜ் தர முடியாமல் அலையின் உச்சி தட்டையாவது. பலன் உண்மை, காரணம் தவறு. கிளிப் ஆன அலையில் டிசி இல்லை. டுவீட்டருக்கு முன்னால் இருக்கும் கிராஸ்ஓவர் கப்பாசிட்டர் டிசியை விடவும் விடாது. நடப்பது இதுதான்: 100 வாட் ஆம்பை உச்சி தட்டையாகும் வரை ஏற்றினால் சராசரி பவர் 200 வரை போகும். வூஃபரின் பகுதி உச்சியில் முட்டி நின்றுவிட, மேல் ஸ்வரங்கள் மட்டும் தொடர்ந்து ஏறும். ஆம்ப் சின்னதா பெரிதா என்பதல்ல, கிளிப் லைட் எரிந்துகொண்டே இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

மண்டபங்களில் ஹாரன் டிரைவர் போவதற்கு அதைவிட முக்கியக் காரணம் மைக் கத்துவது. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் மைக்கோடு பாக்ஸ் முன்னால் வந்து நிற்பார். இரண்டு மூன்று கிலோஹெர்ட்ஸில் நீளமான ஒரே ஸ்வரம், முழு பவர், அத்தனையும் சின்ன டிரைவருக்கு. சில வினாடி போதும்.

லைன் வோல்டேஜையும் மறக்கக் கூடாது. 230-க்குப் பதில் 190 வந்தால், சாதாரண டிரான்ஸ்பார்மர் சப்ளை ஆம்பின் பவர் சுமார் 68 சதவீதமாகக் குறையும். மிக்ஸரில் அதே இடத்தில் ஃபேடர் இருந்தும் கிளிப் முன்கூட்டியே வரும். ஜெனரேட்டரில் ஓடும்போது கிளிப் லைட்டைக் கூடுதலாகக் கவனியுங்கள்.

லிமிட்டர் போடும் முறை

பாக்ஸ் 300 வாட், 8 ஓம் என்றால் தாங்கும் வோல்டேஜ் 49. ஆம்பின் கெயின் 26 டெசிபல் என்றால் 20 மடங்கு, உள்ளே 2.45 வோல்ட், அதாவது பிளஸ் 10 டிபியு (0.775 வோல்ட்டைப் பூஜ்யமாக வைத்த டெசிபல் அளவு). கெயின் 32 டெசிபல் என்றால் 40 மடங்கு, உள்ளே 1.23 வோல்ட், பிளஸ் 4. லிமிட்டரின் திரெஷோல்டை (பிடிக்க ஆரம்பிக்கும் அளவை) அங்கே வையுங்கள்.

சரிபார்க்க, பாக்ஸ் ஒயர்களை ஆம்பிலிருந்து கழற்றிவிட்டு, 100 ஹெர்ட்ஸ் டோனை உள்ளே கொடுத்து, மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து வெளியே பாருங்கள். சாதாரண மீட்டர் 1000 ஹெர்ட்ஸில் பொய் சொல்லலாம், 100-ல் நம்பலாம். டோனை எவ்வளவு ஏற்றினாலும் 49-க்குப் பக்கத்தில் நின்றுவிட வேண்டும். முனைகளை வெறும் கையால் தொட வேண்டாம். பிரிட்ஜில் அங்கே 100 வோல்ட் இருக்கும்.

பிறகு டோனை நிறுத்தி, பாக்ஸ் ஒயர்களை ஆம்பில் மாட்டுவதற்கு முன், ஒரு சேனலுக்குப் போகும் ஒயர்களைச் சேர்த்த முனையில் ஓம் பாருங்கள். இரண்டு பாக்ஸ் பேரலல் என்றால் மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே வர வேண்டும். 6-க்கு மேல் வந்தால் ஒரு பாக்ஸ் சேரவில்லை. 12 வந்தால் யாரோ சீரிஸ் போட்டிருக்கிறார்கள். 2 வந்தால் எங்கோ மூன்றாவது, நான்காவது பாக்ஸ் ஒளிந்திருக்கிறது, பந்தி ஹாலில் தேடுங்கள். 1-க்குக் கீழே என்றால் ஸ்பீக்கானுக்குள் ஒயர் நார் ஒன்று பக்கத்து முனையைத் தொட்டுக்கொண்டிருக்கும், ஆம்பைப் போடாதீர்கள். மீட்டர் சரியாகவே காட்டி, மேல் சத்தம் மட்டும் இல்லையென்றால் போனது டுவீட்டர். கப்பாசிட்டர் மறைப்பதால் மீட்டருக்கு அது தெரியாது.